வேலியில் போன ஓணானும் வீட்டு விளக்கும்

போன இதழில் வேறு எதையோ எழுதும்போது, எங்கள் வீட்டில் 16 ஆண்டுகளாகத் தாடி ஓணான் வளர்க்கிறோம் என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான், நாய் பூனை பற்றி வருடம் முழுக்க எழுதினாலும் வராத கடிதங்கள் இந்த ஒரு வரிக்கு வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுக்க அவனுக்குத்தான்.

தெரியாதவர்களுக்காக: பியர்டட் டிராகன், இங்கே சிட்னியில் எல்லோரும் செல்லமாக 'பியர்டி' என்பார்கள். நம் ஊர் வேலி ஓணானுக்குச் சொந்தக்காரன், ஒரே குடும்பம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகள்தான் பூர்வீகம். வால் நுனி வரை அளந்தால் அரை மீட்டர் வரும், கோபம் வந்தால் கழுத்தடியை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும், அதனால்தான் தாடி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருடம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் இந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படியுங்கள்.

அண்ணா, மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு குட்டி வாங்கினோம். 60 செ.மீ. கண்ணாடித் தொட்டி, ஒரு பல்பு, சிவப்பு மணல், எல்லாம் ஒரே பெட்டியாகக் கொடுத்தார்கள். இது போதுமா? லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்கிறார்கள். விற்றவரும் அவர் கூட்டாளியும் அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்று சொல்கிறார்கள். (வென்ட்வொர்த்வில் வாசகி)

ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான் தங்கச்சி. நியூ சவுத் வேல்ஸில் உரிமம் கட்டாயம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், பெரியவர் பெயரில் எடுங்கள். முறைப்படி பார்த்தால் உரிமத்தை எடுத்துவிட்டுத்தான் ஓணானை எடுக்க வேண்டும். விற்றவருக்கு உரிமம் இருந்ததா, அவரது எண் என்ன என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். எண் சொல்லத் தயங்கினால் அந்தக் குட்டி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதுதான், ஏனென்றால் காட்டிலிருந்து பிடித்து வந்து வளர்ப்பது இங்கே குற்றம். விக்டோரியா, குயின்ஸ்லாந்து என்று மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், வீடு மாறிப் போகும்போது அதையும் கவனியுங்கள்.

சரி, தொட்டி. குட்டிக்கு இப்போதைக்கு ஓடும், ஆனால் ஒரு வருடத்தில் அது முழு வளர்ச்சியை எட்டிவிடும், அப்போது 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் என்பதுதான் நான் குறைந்தபட்சம் என்று சொல்வேன். நீளம் ஏன் முக்கியம் என்றால் ஒரு முனை அடுப்படி மாதிரி சுடவும் மறுமுனை திண்ணை மாதிரி குளிரவும் வேண்டும், ஓணான் நடந்து நடந்துதான் தன் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். சின்னத் தொட்டியில் பல்பைப் போட்டால் எல்லா இடமும் ஒரே சூடு, ஒதுங்க இடமில்லை. வெயில் காயும் கல்லின் மேல் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும், குளிர்ந்த பக்கம் 24, 25. இதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடாது, தொட்டியில் ஒட்டிக் கொடுத்த வட்ட மானியையும் நம்பக்கூடாது, துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று ஹார்ட்வேர் கடையில் மலிவாகவே கிடைக்கும், அதை இன்றைக்கே வாங்குங்கள். மணலை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். குட்டி பூச்சியைக் கவ்வும்போது மணலையும் சேர்த்து விழுங்கும், சூடும் சரியாக இல்லாவிட்டால் அது குடலில் அடைத்துக்கொள்ளும். பேப்பர் டவல் போதும், அழகு அப்புறம்.

ஐயா, எங்கள் பியர்டிக்கு 8 மாதம். கால் விரல்கள் துடிக்கின்றன, நடக்கும்போது வயிறு தரையில் இழுபடுகிறது, கீழ்த்தாடை மெத்தென்று இருக்கிறது. கால்சியம் பொடி தினமும் தூவித்தான் கொடுக்கிறோம். யூவி விளக்கும் உண்டு, போதாததற்குத் தொட்டியைச் சன்னலோரம் வைத்திருக்கிறோம். என்ன குறை? (பிளாக்டவுன் வாசகர்)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் இதழ் வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன்: நாளைக்கே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள் என்று. எலும்பு இளகும் நோய் இது. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் வந்த கடிதங்களில் பாதி, சுற்றி வளைத்தால் இங்கேதான் வந்து நிற்கின்றன.

கால்சியத்தை அண்டா அண்டாவாகக் கொட்டினாலும் அது குடலில் இருந்து ரத்தத்துக்குள் போக டி3 விட்டமின் வேண்டும். அந்த டி3ஐ ஓணான் தன் தோலில் தானே காய்ச்சிக்கொள்கிறது, அதற்கு அடுப்பு யூவிபி ஒளி, வெயிலில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரில் ஒரு வகை. ஒளியும் வேண்டும், உடம்பில் சூடும் வேண்டும், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்குமா? எலும்பில் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவு பண்ண ஆரம்பித்துவிடும். தாடை மெத்தென்று ஆவது, கால் வளைவது, விரல் துடிப்பது எல்லாம் அந்தக் கடனின் வட்டி.

உங்கள் வீட்டில் எங்கே தப்பியது என்று உங்கள் இரண்டாவது கடிதத்தில் இருந்த படத்தைப் பார்த்ததும் தெரிந்தது. விளக்கு கண்ணாடி மூடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சாதாரணக் கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும், வெளிச்சம் வரும், நமக்கு வேண்டியது வராது. சன்னலோர வெயிலும் அதே கதைதான், அது போதாதென்று மூடிய கண்ணாடித் தொட்டி நேர் வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே கொதித்து உள்ளே இருப்பதைக் கொன்றுவிடும், முதல் வேலையாக அதை நகர்த்துங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன அருகதை என்றால், என் முதல் ஓணான் முருகேசுக்கு இதையேதான் நான் செய்தேன். கடைக்காரர் ஒரு சுருள் பல்பைக் கையில் கொடுத்து, இதில் யூவி எல்லாம் வரும், நிம்மதியாகப் போங்கள் என்றார். நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், ஏழாவது மாதம் அவன் வெட்டுக்கிளியைக் கடிக்க முடியாமல் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வரை. மருத்துவர் ஊசி போட்டார், திரவக் கால்சியம் தந்தார், பிழைத்துக்கொண்டான். ஆனால் வளைந்த முன்னங்கால் கடைசி வரை நிமிரவில்லை, அதைத் தூக்கித் தூக்கி வைத்தே இன்னும் 9 வருடம் நடந்தான். கடைக்காரரைச் சொல்லி என்ன, அட்டையில் எழுதியிருந்ததை நான் படித்திருக்கலாம்.

வாங்க வேண்டியது நீளக் குழல் விளக்கு, டி5 ஹெச்ஓ என்று போட்டிருக்கும், யூவிபி 10 அல்லது 12 சதவீதம். தொட்டியின் பாதிக்கு மேல் நீளம் இருக்கட்டும், சூட்டு விளக்கு இருக்கும் பக்கமாக. இடையில் கண்ணாடி கூடாது, கம்பி வலை இருந்தாலும் ஒளி கணிசமாகக் குறையும் என்பதால் முடிந்தால் உள்பக்கமாக மாட்டுங்கள், தூரம் எவ்வளவு என்பது அந்தக் குழலின் அட்டையிலேயே இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும், எரிகிறதே என்று விட்டுவைக்காதீர்கள், யூவிபி தீர்ந்த பிறகும் வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும். வாங்கிய தேதியைக் குழலின் நுனியில் மார்க்கரால் எழுதி வைப்பது என் பழக்கம். அப்புறம், வெயில் நாட்களில் வலைக்கூண்டில் போட்டு, ஒரு பக்கம் நிழலோடு, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து அரை மணி நேரம் கொல்லைப்புறத்தில் காயவிடுங்கள், எந்தக் கடை விளக்கும் அதற்கு ஈடாகாது.

ஜூன் மாதம் தொடங்கியதிலிருந்து எங்கள் பியர்டி சாப்பிடுவதில்லை, ஒரே தூக்கம். வயது 2. செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (மெல்பேர்ன், டான்டினாங்)

பெரும்பாலும் குளிர்காலத் தூக்கம், இங்கே ஜூனில்தானே குளிர்காலம். உங்கள் வீட்டில் ஹீட்டர் ஓடினாலும் பகல் குறுகுவதும் குளிர் கூடுவதும் அதற்குத் தெரிந்துவிடும், சில வாரத்திலிருந்து 3 மாதம் வரை இப்படிக் கிடக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்து எழுதி வைப்பது. தூக்கம் என்றால் எடை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அது தூக்கம் இல்லை, நோய், அதிலும் முக்கியமாகக் குடல் ஒட்டுண்ணி. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குட்டி இப்படிப் படுத்தாலும் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். தூங்குகிறவனை எழுப்பி வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். உடம்பு குளிர்ந்திருக்கும்போது செரிக்காது, உள்ளேயே அழுகும். தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.

கீரை என்றால் எல்லாக் கீரையும் கொடுக்கலாமா? வாரம் வாரம் தமிழ்க் கடையில் முளைக்கீரை, முருங்கைக்கீரை வாங்குகிறோம். அம்மா சோறு கூட வைத்துப் பார்த்தார்! (டூங்காபி வாசகி)

சோறு வேண்டாம், அம்மாவிடம் சொல்லுங்கள், பாவம் அது விருந்தாளி இல்லை. முளைக்கீரை, தண்டுக்கீரை, பாலக் இவற்றில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், எப்போதாவது நாலு இலை விழுந்தால் குற்றமில்லை, தினசரி கூடாது. முருங்கைக்கீரையை மற்றக் கீரையோடு கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். கடுகுக்கீரை, பொக் சோய், எண்டைவ், துருவிய பூசணிக்காய் நல்லது. செவ்வரத்தம்பூ (தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் செம்பருத்தி) கொடுத்துப் பாருங்கள், எங்கள் வீட்டில் அதற்கு அடிதடி நடக்கும். அவகாடோவும் வெங்காயமும் விஷம்.

விகிதம்தான் பலர் தவறவிடுவது. குட்டிக்கு முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு இலை. ஒன்றரை வயதுக்கு மேல் அப்படியே தலைகீழ். பெரியவனுக்கும் தினம் பூச்சி போட்டால் சாப்பிடத்தான் செய்வான், தொப்பை போட்டு ஈரல் கெட்டுப்போவான். பூச்சியின் பருமன் அவன் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளியை விடக் கூடக்கூடாது என்பது பழைய கணக்கு, இன்னும் அதைத்தான் பார்க்கிறேன்.

இங்கே கோடையில் கொல்லையில் பூச்சிக்குக் குறைவில்லை. காசு கொடுத்து வாங்குவானேன், பிள்ளைகள் பிடித்துப் போட்டால் என்ன? (டொரன்டோ, ஸ்கார்பரோ)

பிள்ளைகள் ஆசையாகப் பிடித்து வருவதில் முதலாவது மின்மினியாகத்தான் இருக்கும். வட அமெரிக்க மின்மினிகளில் உள்ள நஞ்சு இதயத்தைத் தாக்கும், ஒரே ஒரு மின்மினியைத் தின்று செத்த பியர்டிகள் உண்டு. இந்த இனம் வளர்ந்த நிலத்தில் அந்தப் பூச்சி இல்லை, அதனால் விலக்கத் தெரியாமல் விழுங்கிவிடும். மற்றப் பூச்சிகளிலும் பக்கத்து வீட்டுக்காரர் புல்லுக்கு அடித்த மருந்து இருக்கலாம். காசு போனால் போகட்டும்.

அண்ணா, எங்களிடம் ஆணும் பெண்ணும் இருக்கின்றன, 13 மாதம், ஒரே தொட்டி. ஆண் தாடியைக் கறுப்பாக்கித் தலையாட்டிக்கொண்டே துரத்துகிறது, பெண் கையைக் கையை அசைக்கிறது. குட்டி எடுக்க ஆசை. முட்டையை எந்தச் சூட்டில் வைத்தால் பெண் குட்டி கிடைக்கும்? பெண்ணுக்குத்தான் விலை என்கிறார்கள். (லிவர்பூல் வாசகர்)

தம்பி, முதலில் இரண்டையும் பிரியுங்கள், இந்தப் பத்தியை முடிக்கும் முன்பே. 13 மாதம் என்பது வளர்ந்த மாதிரித் தெரியும், ஆனால் அவளுடைய எலும்பில் இன்னும் முட்டை ஓட்டுக்குக் கொடுக்கும் அளவு கால்சியம் சேரவில்லை. ஒன்றரை வயதாவது ஆகட்டும், இரண்டு என்றால் இன்னும் நல்லது, எடை 350 கிராமுக்குக் கீழே இருந்தால் யோசிக்கவே வேண்டாம். சேர்த்து வைக்கும் முன் இரண்டின் மலத்தையும் பரிசோதித்து, அடினோவைரஸ் என்ற தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனையும் எடுத்துவிடுங்கள். வைரஸைச் சுமக்கும் பெரியது தளதளவென்று இருக்கும், குஞ்சுகள்தான் ஒவ்வொன்றாகச் சுருண்டு போகும். ஒரு பருவம் முழுக்க அப்படிப் பார்த்தவன் சொல்கிறேன்.

பருவம் வந்து, ஓரிரு நாள் கூட விட்டுப் பிரித்தால் போதும், நிரந்தரமாகக் குடித்தனம் வைக்காதீர்கள், இவை தனியாக வாழும் பிராணிகள். ஒரு தடவை சேர்ந்ததற்கே அவள் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு ஒரே பருவத்தில் இரண்டு, மூன்று ஈடு முட்டை போடுவாள். நாலிலிருந்து ஆறு வாரத்தில் வயிற்றில் கோலிக்குண்டு போட்ட மாதிரி தெரியும், தொட்டியின் மூலையை ராப்பகலாகப் பறண்டுவாள். அப்போது ஈரமணல் 25, 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பிய பெட்டி தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் பிடிக்காமல் முட்டையை அடக்கிக்கொள்வாள், முட்டை சிக்கினால் அறுவை சிகிச்சைதான். போட்டு முடித்ததும் காற்றுப் போன பலூன் மாதிரி கிடப்பாள், தண்ணீரும் கால்சியமும் கொடுத்துச் சும்மா விடுங்கள்.

முட்டை ஈட்டுக்கு 15லிருந்து 30. எடுக்கும்போது உருட்டக்கூடாது. கோழி அடைகாக்கும்போது புரட்டுமே, அந்தக் கதை இங்கே செல்லாது, மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து அதே நிலையில் வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) பாதி புதைய வையுங்கள், வெர்மிகுலைட்டும் தண்ணீரும் எடைக்கு எடை. 29 டிகிரியில் இரண்டு மாதத்துக்கு முன்னே பின்னே பொரிக்கும். பொரிக்கும் முன் முட்டை வியர்த்துச் சுருங்கும், அதைப் பார்த்துப் பயந்து கீறிவிடாதீர்கள், மூக்கை நீட்டிவிட்டு ஒரு நாள் முழுக்கக்கூட உள்ளேயே படுத்திருக்கும், மஞ்சள் கரு உள்ளே போகிற நேரம் அது.

இப்போது நீங்கள் கேட்ட சூடு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் குரோமோசோம்கள் நமக்கு எக்ஸ், ஒய் மாதிரி இவற்றுக்கு இசட், டபிள்யூ: இரண்டு இசட் என்றால் ஆண், ஒரு இசட் ஒரு டபிள்யூ என்றால் பெண். ஆனால் 32 டிகிரிக்கு மேல் அடைகாத்தால் இரண்டு இசட் உள்ள முட்டையிலிருந்தும் பெண் வர ஆரம்பிக்கும், 36ஐ நெருங்கினால் ஏறக்குறைய எல்லாமே பெண். கான்பரா பல்கலைக்கழக ஆய்வுக் குழு இதை 2007இல் வெளியிட்டது, 2015இல் இப்படி மாறிய பெண்கள் காட்டிலேயே இருப்பதையும் கண்டுபிடித்தார்கள். அவை இட்ட முட்டையில் டபிள்யூவே இருக்காது, அந்தக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைச் சூடு மட்டுமே முடிவு செய்யும், மரபணுவுக்குப் பேச்சில்லை. ஆஸ்திரேலியக் கோடை ஏறிக்கொண்டே போகிறது, அதனால்தான் இதை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள். கேட்க அதிசயமாக இருந்தாலும் நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், அந்தச் சூட்டில் முட்டை சாவதும் ஊனமாகப் பொரிப்பதும் கூடும், ஒரு டிகிரி தவறினால் ஒரு ஈடே வெந்துவிடும்.

கடைசியாகக் கணக்கு. 24 குஞ்சு பொரித்தன என்று வையுங்கள். ஒரு குஞ்சு நாளைக்கு 30 குட்டிக் கிரிக்கெட் பூச்சி தின்னும், சில இன்னும் கூடத் தின்னும். 24ஐ 30ஆல் பெருக்கினால் நாளைக்கு 720 பூச்சி. மூன்று வேளையாகப் பிரித்துப் போட வேண்டும், தாமதமானால் பக்கத்தில் இருப்பவனின் வால் நுனியையும் கால் விரலையும் கடித்துவிடும், பல்லி வால் மாதிரி இவற்றுக்குத் திரும்ப முளைக்காது. பருமன் பார்த்து நாலைந்து தொட்டியாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் விளக்கு. எட்டு வாரத்துக்கு முன் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. வாங்க வருகிறவருக்கும் உரிமம் வேண்டும், எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இவ்வளவும் முடிந்து விற்கப் போனால் சிட்னியில் அந்த நேரம் எல்லோரிடமும் குஞ்சு இருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துகிறது குடைகிறது என்றால் எப்படி என்று என் மனைவி கேட்டாள், முதல் ஈடு பொரித்த இரண்டாவது வாரம். வேண்டாம் என்று தோன்றினால், போட்ட முட்டையை அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், அதில் பாவம் பார்க்க எதுவும் இல்லை, ஆனால் ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துப் பெயர் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, பெயர் ராஜா. நேற்று ராஜா 17 முட்டை போட்டுவிட்டார். (லண்டன், ஹாரோ)

ராணிக்கு வாழ்த்துகள். ஆண் இல்லாமலும் போடும், கோழி மாதிரித்தான், குஞ்சு வராது, எடுத்துப் போட்டுவிடுங்கள். கால்சியத்தைக் கூட்டுங்கள், ஆழமான மண் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கட்டும், வருடா வருடம் போடலாம்.

'சில்க்பேக்' என்று செதிலே இல்லாத ஒன்று, பட்டு மாதிரி, நெருப்பு ஆரஞ்சு நிறத்தில் பார்த்தேன். வாங்கலாமா? இரண்டு லெதர்பேக்கைச் சேர்த்தால் கிடைக்குமாமே? (பிரிஸ்பேன் வாசகர்)

கிடைக்கும், நாலில் ஒன்று. வாங்க வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். லெதர்பேக் என்பது செதிலைக் குறைக்கும் ஒரு மரபணு ஒரு பிரதி மட்டும் இருப்பது, செதில் சின்னதாக வழவழப்பாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு பிரதி சேர்ந்தால் செதிலே இருக்காது. செதில்தான் அவனுடைய சட்டை. அது இல்லாவிட்டால் கல்லில் உரசினாலே கிழியும், விளக்கில் வெந்துபோகும், தோல் சரியாக உரியாமல் விரலை இறுக்கி விரலே போகும். நாம் பார்த்து ரசிக்க அவன் வாழ்நாள் முழுக்க எரிந்துகொண்டிருக்க வேண்டுமா? இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

வீட்டில் மூன்று மாதக் குழந்தை. மாமியார் 'பல்லி விழுந்தாலே பலன் பார்க்க வேண்டும், இதை வீட்டுக்குள் விடுவதா' என்கிறார். (பெண்டில் ஹில்)

பஞ்சாங்கத்தில் இந்த ஊர் ஓணானுக்குப் பலன் போடவில்லை. ஆனால் மாமியார் பக்கம் நியாயம் இருக்கிறது: ஆரோக்கியமான பியர்டியின் மலத்திலும் சால்மொனெல்லா இருக்கும், கைக்குழந்தைக்கு அது ஆபத்து. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில் ஓணானைச் சோபாவில் விடாதீர்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். இதை ஒழுங்காகச் செய்ய முடியாது என்று தோன்றினால் குழந்தை வளரும் வரை வேறு வீட்டில் விட்டுவையுங்கள்.

சென்னையில் ஒருவர் விற்கிறார், பத்திரம் எதுவும் இல்லை, ஆஸ்திரேலிய ஒரிஜினல் என்கிறார். எங்கள் வெயிலுக்கு விளக்கே வேண்டாமாமே? சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியும் ஒன்று கேட்கிறான். (வேளச்சேரி)

ஆஸ்திரேலியா தன் காட்டு ஊர்வனவற்றை விற்பனைக்கு வெளியே அனுப்புவதே இல்லை, பல பத்தாண்டுகளாக. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே உள்ள பியர்டிகள் எல்லாம் எப்போதோ கடத்தப்பட்டவற்றின் வம்சம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூண்டில் பெருகியவை. ஆகவே ஒரிஜினல் என்பவர் பொய் சொல்கிறார் அல்லது கடத்துகிறார். இந்தியாவுக்குள் வெளிநாட்டு விலங்கைக் கொண்டுவர இறக்குமதி உரிமம் வேண்டும், பத்திரம் இல்லாததை வாங்காதீர்கள். வெயில் இருக்கிறது, சரி, ஆனால் வீட்டுக்குள் இருப்பது வெக்கை, வெயில் இல்லை. யூவிபி குழல் சென்னையிலும் வேண்டும். அதோடு கடலோரப் புழுக்கம், இது வறண்ட நிலத்துப் பிராணி, மழைக்காலத்தில் தோலும் நுரையீரலும் பாடுபடும். தம்பிக்கு ஒரே பதில்: சிங்கப்பூரில் ஊர்வன என்றால் இரண்டு வகை ஆமைக்கு மட்டுந்தான் அனுமதி, ஓணான் வைத்திருந்தால் வழக்கு.

மாமா, என் தாடியன் தூங்கும்போது கண் அசைகிறது. கனவு காண்கிறானா? அவனுக்கு என்னைத் தெரியுமா? நான் போனால் கை காட்டுகிறான். (வயது 9, டூங்காபி)

நல்ல கேள்வி, பெரியவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் நகரத்தில் உன் தாடியனின் சொந்தக்காரர்களைத் தூங்கவிட்டு மூளையை அளந்து பார்த்தார்கள். நமக்குக் கனவு வருகிற நேரத்தில் இருக்குமே, அது மாதிரி ஒரு தூக்கமும் ஆழ்ந்த தூக்கமும் மாறி மாறி வருகின்றன, ஒரு சுற்றுக்கு 80 விநாடிதான். 2016இல் அதை எழுதினார்கள். கனவில் என்ன வருகிறது என்று அவனைத்தான் கேட்க வேண்டும், வெட்டுக்கிளியாக இருக்கும். இரவில் சிவப்பு விளக்கு எதுவும் போடாதே, இருட்டாக இருந்தால்தான் நன்றாகத் தூங்குவான்.

இங்கிலாந்தில் இன்னொன்று செய்தார்கள். ஒரு ஓணான் தலையால் ஒரு சின்னக் கதவைத் தள்ளித் திறப்பதை மற்ற ஓணான்களுக்குக் காட்டினார்கள், பார்த்த ஓணான்கள் அதே மாதிரி செய்து கதவைத் திறந்தன. அவ்வளவு கெட்டிக்காரன் தினம் சாப்பாடு போடுகிற ஆளை அடையாளம் வைத்துக்கொள்ள மாட்டானா? ஆனால் மேலிருந்து கையைக் கொண்டு போகாதே. அவன் உச்சந்தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிற மூன்றாவது கண், மேலே நிழல் விழுந்தால் பருந்து என்று நினைப்பான். பக்கத்திலிருந்து, மெதுவாக.

கை காட்டுவது வணக்கம் இல்லை கண்ணா. 'நீ பெரியவன், நான் சின்னவன், சண்டை வேண்டாம்' என்று சொல்கிறான். வளர வளர அதை நிறுத்திவிட்டு, ஒரு நாள் உன்னைப் பார்த்தும் தலையாட்டுவான். அப்போது தொட்டியில் அவன் பெரியவனாகிவிட்டான் என்று அர்த்தம்.